சிந்தசைசர் கிட்டில் ஐசி பேஸ் வைப்பதா, சிப்பை நேராகப் பற்றவைப்பதா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கிறீர்கள், வீடு காசிமேட்டில். முதல் முறையாக, சிந்தசைசரில் சுரத்தை எழுப்பும் பகுதியான ஆசிலேட்டர் கிட் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். அதில் சிஇஎம்3340 வகைச் சிப் ஒன்று, டிஎல்074 இரண்டு, எல்எம்13700 ஒன்று, சிடி40106 ஒன்று. கிட்டோடு ஐசி பேஸ் (சிப்பைச் செருகி வைக்கும் சாக்கெட்) வரவில்லை. பேஸ் வைத்தால் சத்தம் கெடும், நேராகப் பற்றவை என்று நண்பர் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் பேஸ் போடு என்று ரிச்சி தெருக் கடைக்காரர் சொல்கிறார். செய்து முடித்ததும் கானா மேடைக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருக்கிறது. இதற்கிடையில் ஒரு டிஎல்074-ஐ நேராகப் பற்றவைத்தும்விட்டீர்கள். சத்தம் கெடுமா என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படித்துப் பார்த்தால், எங்காவது பிசகினால் திரும்பி வர வழி உண்டா என்ற கவலைதான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் ராயபுரம் பக்கம் கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர் பழுது பார்ப்பவன். தேவாலய ஆர்கன்களும் மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டுகளும்தான் அதிகம் வரும். இளைஞர்கள் தாங்களே கட்டிய சிந்தசைசர்களும் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. என் அனுபவத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதை முதலிலேயே சொல்ல வேண்டும். என் மேசைக்கு வருவது பழுதான கருவி மட்டுமே. பத்து ஆண்டுகளாகச் சிக்கலில்லாமல் ஓடும் ஐசி பேஸ் எதுவும் என்னைத் தேடி வராது. ஆகவே பேஸ்களைப் பற்றி நான் குறை சொல்லும்போது அது சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் கெடுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கெடாது. நல்ல தொடுகையின் மின்தடை சில பத்து மில்லி ஓம்தான். 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். டிஎல்074-க்குள் இருக்கும் நான்கு ஆப்-ஆம்ப்களும் (சிக்னலைப் பெருக்கும் சிறு சுற்றுகள்) சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் சுமார் 6 மில்லி ஆம்பியர். அந்தத் தொடுகையில் இழக்கும் மின்னழுத்தம் ஒரு மில்லி வோல்ட்டில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. 12 வோல்ட் பாதையில் அதைக் காதால் மட்டுமல்ல, சாதாரண மீட்டராலும் பிடிக்க முடியாது. சுருதியைப் பாருங்கள். உங்கள் ஆசிலேட்டரில் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி. அப்படியென்றால் ஓர் அரைச்சுரம் 83.3 மில்லி வோல்ட், அதன் நூறில் ஒரு பங்கான ஒரு சென்ட் 0.83 மில்லி வோல்ட். அந்த மின்னழுத்தம் வழக்கமாக 100 கிலோ ஓம் மின்தடை வழியாக உள்ளே வருகிறது. அதற்கு முன்னால் 20 மில்லி ஓம் என்பது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. பேஸ் சேர்க்கும் ஓரிரு பிக்கோ ஃபாரட் கொள்ளளவும் ஒலி அலைவரிசையில் எதுவும் செய்யாது. உங்கள் நண்பர் ரேடியோ அலைவரிசைச் சுற்றுகளைப் பற்றிக் கேள்விப்பட்டதை இங்கே பொருத்திச் சொல்லியிருக்கலாம். அங்கே அந்த எச்சரிக்கைக்கு அர்த்தம் உண்டு.

இத்தனையும் தொடுகை நன்றாக இருக்கும்வரைதான். தொடுகை மோசமாகும்போது மின்தடை மெல்ல மெல்ல ஏறாது. மில்லி ஓமிலிருந்து திடீரென்று கிலோ ஓமுக்குத் தாவும், மறுபடி இறங்கும், சில சமயம் முழுதாக அறுந்துவிடும். எல்லாக் காலிலும் இது ஒரே அளவுக்குப் பாதிக்காது. ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக் கால் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காது, அதனால் அங்கே கொஞ்சம் தடை ஏறினாலும் அது தாங்கிக்கொள்ளும். சிஇஎம்3340-இன் 15-ஆம் கால் அப்படியல்ல. சுருதியைத் தீர்மானிக்கும் மின்னோட்டம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அங்கே ஒரு கிலோ ஓம் கூடினால் 100 கிலோ ஓம் 101 ஆகிறது, ஒரு சதவீதப் பிழை. நான்கு ஸ்தாயி மேலே வாசித்தால் 40 மில்லி வோல்ட் குறைவு, அதாவது கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி. மேடையில் பாடகர் திரும்பிப் பார்ப்பார். சுருதி தானாக இறங்கி ஏறுகிறது, சிப் போய்விட்டது என்று கொண்டுவரும் கருவிகளில், மின்சாரத்தைத் துண்டித்துச் சிப்பை எடுத்து மறுபடி அழுத்தியதும் சரியாகிவிட்டவை உண்டு.

இங்கேதான் நம் ஊரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சிந்தசைசர் கட்டுவது பற்றி நீங்கள் படிப்பவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் குளிரான, உலர்ந்த ஊர்களில் இருப்பவர்கள். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்தால் உலோகத் தொடுகையில் களிம்பு ஏறும், துரு பிடிக்கும். ஈயம் வைத்த இணைப்பில் உலோகம் உலோகத்தோடு உருகிச் சேர்ந்துவிடுவதால் நடுவில் காற்று நுழைய இடமில்லை. பேஸில் அழுத்தம் மட்டுமே பிடித்திருக்கிறது, அந்த இடுக்கில் காற்று போகும். ஆகவே வட சென்னையில் பேஸ் வைக்கலாமா என்று கேட்டால் நான் எந்தப் பேஸ் என்று திருப்பிக் கேட்பேன்.

கடையில் சாக்கெட் என்பதைவிட ஐசி பேஸ் என்று கேளுங்கள், உடனே எடுப்பார்கள். இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, தகட்டை வெட்டி மடித்துச் செய்த மெல்லிய நாக்குகள் கொண்டது. மேலிருந்து பார்த்தால் துளை நீள்சதுரமாக இருக்கும். சில ரூபாய்க்குக் கிடைக்கும். மற்றொன்று மெஷின் பின் பேஸ். கடைந்தெடுத்த உருளைக்குள் நாலு விரல் கொண்ட சிறு பிடி இருக்கும், துளை வட்டமாகத் தெரியும், பெரும்பாலும் பொன்முலாம் பூசியிருக்கும். பல மடங்கு விலை. முதல் வகையில் நாக்கின் விறைப்புத்தான் எல்லாம். சிப்பை நாலைந்து முறை எடுத்து வைத்தாலோ, தடித்த கம்பியை ஒரு முறை உள்ளே நுழைத்துப் பார்த்தாலோ நாக்கு அகன்றுவிடும், பிறகு அது பிடிக்காது. இரண்டாம் வகை காலைச் சுற்றிலும் பிடிப்பதால் அழுத்தம் அதிகம், காற்று புகும் இடம் குறைவு. அதற்குள்ளும் சிப்பின் காலைத் தவிர வேறு எதையும் செருகக் கூடாது. 0.64 மில்லிமீட்டர் சதுரக் கம்பி கொண்ட ஹெடர் பின்னை உள்ளே அழுத்தினால் அந்த விரல்கள் கெட்டுவிடும். என் முடிவு இதுதான்: கடலோரத்தில் மலிவான தகட்டுப் பேஸ் போடுவதைவிட, நன்றாகப் பற்றவைக்கத் தெரிந்தவர் நேராகப் பற்றவைப்பது மேல். மெஷின் பின் பேஸ் கிடைத்தால் தயங்காமல் போடுங்கள்.

பேஸின் பெரிய பயன், பின்னாளில் சிப்பை மாற்றலாம் என்பதுதான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முறையாக வேலை செய்யும் டிஎல்074 பெரும்பாலும் கருவியின் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டிவராது. பேஸ் கை கொடுப்பது கட்டி முடிக்கும் அந்த முதல் நாளில். எல்லா மின்தடை, கெபாசிட்டர், பேஸ்களையும் பற்றவைத்துவிட்டு, சிப் ஒன்றுமில்லாமல் மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரையில் வைத்துக்கொண்டு பேஸ்களின் கால்களை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். டிஎல்074-இன் பேஸில் 4-ஆம் காலில் +12, 11-ஆம் காலில் −12 வர வேண்டும். எல்எம்13700-இல் 11-ஆம் காலில் +12, 6-ஆம் காலில் −12. சிடி40106-இல் 14-ஆம் காலில் நேர் மின்னழுத்தம், 7-ஆம் கால் பெரும்பாலும் தரை. சிஇஎம்3340-இல் 16-ஆம் காலில் +12, 12-ஆம் கால் தரை, 3-ஆம் கால் எதிர்மறைப் பக்கம். அந்த 3-ஆம் காலில் ஒரு விசேஷம் உண்டு. சிப்புக்குள்ளேயே சுமார் 6.5 வோல்ட் ஜீனர் (மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் டையோடு) இருக்கிறது, அதனால் −12 பாதையிலிருந்து ஒரு தொடர் மின்தடை வழியாகத்தான் மின்சாரம் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட போர்டில் பேஸ் காலியாக இருக்கும்போது அங்கே ஏறக்குறைய முழு −12 தெரியும், சிப்பை வைத்தபின் −6.5 அளவில் நிற்கும். சிப் வைத்த பிறகும் −12 இருந்தால் சிப் சரியாக உட்காரவில்லை அல்லது உள்ளே பழுது. நேராகப் பற்றவைத்த போர்டில் முன்னும் பின்னும் இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை.

ஒரு சிப் வைத்து, அளந்து, விரலால் சூடு பார்த்து, மின்சாரத்தை நிறுத்தி, அடுத்த சிப் என்று போக வேண்டும். தலைகீழாக வைத்துவிடும் ஆபத்து இங்கேயும் உண்டு. 8 கால் டிஎல்072-ஐத் திருப்பி வைத்தால் 4-ஆம் காலும் 8-ஆம் காலும் இடம் மாறும், 14 கால் டிஎல்074-இல் 4-ஆம் காலும் 11-ஆம் காலும் இடம் மாறும். இரண்டிலும் மின்சாரம் அப்படியே எதிர்த்திசையில் பாயும், சிப் பெரும்பாலும் பிழைக்காது. ஆனால் பேஸ் இருந்தால் போவது சிப் மட்டும். போர்டுக்கு ஒன்றும் ஆகாது.

நேராகப் பற்றவைத்த 16 கால் சிப்பை முழுதாக வெளியே எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒருமுறையாவது செய்தவர்களுக்குத்தான் தெரியும். துளையின் உட்சுவர்வரை செம்பு பூசிய இரட்டைப் பக்கப் போர்டில் ஈயம் உள்ளேயும் நிறைந்திருக்கும். உறிஞ்சும் பம்ப் மேலே இருப்பதை எடுக்கும், உள்ளே இருப்பது காலைப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் செம்பு வளையம் கையோடு வரும். அந்த நேரத்தில் நான் செய்வது சிப்பைப் பலி கொடுப்பதுதான்: உடலை ஒட்டிக் கால்களைக் கட்டரால் நறுக்கி, உடலை எடுத்தெறிந்து, ஒவ்வொரு காலாகச் சூடாக்கிக் குறட்டால் எடுத்துவிடுவேன். டிஎல்074 எளிதில் கிடைக்கும், பலி கொடுக்கலாம். சிஇஎம்3340-ஐ அப்படிச் செய்ய மனம் வராது. டக் கர்ட்டிஸ் வடிவமைத்த அந்தச் சிப் நீண்ட காலம் உற்பத்தியில் இல்லாமல் இருந்து, 2016-இல்தான் மறுபடி வந்தது. இன்றும் ரிச்சி தெருவில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் பொருளல்ல. வெளியூரிலிருந்து தபாலில் வர வேண்டும்.

போலிச் சிப்புகளின் தொல்லையும் இதோடு சேர்ந்தது. வேறொரு மலிவான சிப்பின் முதுகைத் தேய்த்து எழுத்தை மாற்றி அச்சடித்து விற்பது உலகமெங்கும் நடக்கிறது. உற்பத்தி நின்றுபோன சிஏ3080, பழைய சிஇஎம், எஸ்எஸ்எம் வரிசைகள், எதிரொலிக்குப் பயன்படும் எம்என் வரிசைச் சிப்புகள் எல்லாம் இதில் மாட்டிக்கொள்கின்றன. கிட்டோடு வந்த சிப் என்றால் இந்தக் கவலை குறைவு. தனியாக வாங்கிய சிப் என்றால் பேஸில் வைத்துச் சோதித்துவிட்டு, போலியானால் கால் மடங்காமல், ஈயம் படாமல் திருப்பி அனுப்பலாம். பற்றவைத்த சிப்பை எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார்.

பற்றவைக்கும் சூட்டில் சிப் கெட்டுவிடும் என்பதற்காகவே பேஸ் போடச் சொல்வதும் உண்டு. அந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது. இந்த வகைச் சிப்புகளின் தகவல் தாள்களில், உடலிலிருந்து 1.6 மில்லிமீட்டர் தள்ளிக் காலில் 260 டிகிரி சூட்டை 10 விநாடி தாங்கும் என்று போட்டிருப்பார்கள். ஒரு காலைப் பற்றவைக்க இரண்டு மூன்று விநாடி போதும். ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு வரிசையாகப் போகாமல், எதிர்ப் பக்கம் மாறி மாறிப் போனால் சிப் ஆறிக்கொள்ளும்.

மேடை விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு மேசையில் இருக்கும் கருவிக்கும் டெம்போவில் ஏறி எர்ணாவூர் வரை குலுங்கிப் போகும் கருவிக்கும் நான் ஒரே பதில் சொல்ல மாட்டேன். சூடேறி ஆறும்போதும் அதிரும்போதும் பேஸில் இருக்கும் சிப் மயிரிழை மயிரிழையாக மேலே நகரும். 1980-இல் வந்த ஆப்பிள் 3 கணினி இந்தக் குறைக்கே பெயர் பெற்றது. மெஷின் பின் பேஸ் இதை நன்றாகவே தடுக்கும். மேடைக்குப் போகும் கருவியில், பெட்டியை மூடும் முன் எல்லாச் சிப்புகளையும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். போர்டு நெளியும்படி அழுத்தக் கூடாது, அடியில் கை கொடுத்து அழுத்த வேண்டும். பெரிய 28 கால், 40 கால் சிப் இருந்தால் மெல்லிய கேபிள் டையால் பேஸோடு சேர்த்துக் கட்டிவிடலாம்.

என்னால் அடித்துச் சொல்ல முடியாத இடமும் ஒன்று உண்டு. சிப்பின் கால்களில் இருப்பது வெள்ளீயப் பூச்சு, நல்ல பேஸில் இருப்பது பொன்முலாம். வேறு வேறு உலோகம் உராயும்போது வெள்ளீயத்தின் ஆக்ஸைடு பொன்மேல் படிந்து தொடுகை கெடும் என்று தொடுகைத் துறைப் பொறியாளர்கள் எச்சரிக்கிறார்கள். அதிர்வு உள்ள இடத்தில் அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் என்னிடம் வந்த பழைய கருவிகளில் பொன்முலாம் பூசிய மெஷின் பின் பேஸ்கள், வெள்ளீயத் தகட்டுப் பேஸ்களைவிட நன்றாகத்தான் தாக்குப்பிடித்திருக்கின்றன. அதற்குக் காரணம் பூச்சா, பிடியின் அழுத்தமா என்று பிரித்துச் சொல்ல என் மேசையில் வழியில்லை. அழுத்தம்தான் என்பது என் ஊகம்.

மற்றொன்றை உறுதியாகச் சொல்லலாம், கிட் கட்டுகிறவர்கள் அதிகம் பேசாதது. பற்றவைத்தபின் போர்டில் மிஞ்சும் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை), நம் ஊர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மெல்லிய மின்கசிவுப் பாதையாகிவிடும். ஆசிலேட்டரின் தாழ்ந்த சுரங்களில் உள்ளே ஓடும் மின்னோட்டம் நானோ ஆம்பியர் கணக்கில் இருக்கும்போது அந்தக் கசிவும் சுருதியை அசைக்கும். மழை நாளில் சுருதி நிற்கவில்லை என்று வந்தால் நான் முதலில் போர்டைக் கழுவித்தான் பார்ப்பேன். பேஸ் இருந்தால் சிப்புகளையெல்லாம் எடுத்துவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷுமாக நிம்மதியாகக் கழுவலாம். அழுக்கு ஆல்கஹால் பேஸின் துளைக்குள் தேங்காதபடி போர்டைச் சாய்த்துப் பிடித்து, கடைசியில் சுத்தமான ஆல்கஹாலால் ஒரு முறை அலசி, முழுதாக உலரவிட்ட பிறகே சிப்பை வையுங்கள். பிளம்பர்கள் பயன்படுத்தும் அமிலப் பசையை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. பாதுகாப்புப் பூச்சு தெளிக்க விரும்பினால் ஈயம் வைத்த பக்கம் மட்டும் தெளியுங்கள், பேஸுக்குள் போனால் தொடுகை அடைபட்டுவிடும்.

உங்கள் கிட்டுக்கு வருவோம். சிஇஎம்3340-க்கும் எல்எம்13700-க்கும் மெஷின் பின் பேஸ் வாங்குங்கள், 16 கால், வரிசை இடைவெளி 7.62 மில்லிமீட்டர். சிடி40106-க்கு 14 கால் பேஸ் ஒன்று வையுங்கள். அது நிலைமின்சாரத்துக்கு அஞ்சும் வகை, கடைசியாகக் கையில் எடுப்பது நல்லது. மீதமிருக்கும் டிஎல்074-க்கும் ஒரு பேஸ் வைத்துவிடுங்கள். முதல் கிட்டில் அந்தச் செலவு வீண் போகாது. கை பழகிய பிறகு அடுத்த கிட்டில் ஆப்-ஆம்ப்களை நேராகப் பற்றவைக்கலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். டிரான்சிஸ்டர் ஜோடியை வைத்துச் சுருதி மாற்றும் கிட் எப்போதாவது வாங்கினால் மட்டும் கவனம்: அங்கே வெப்ப ஈடு செய்யும் மின்தடை அந்த ஜோடியின் முதுகைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பேஸ் உயரத்தை மாற்றிவிட்டால் அந்தத் தொடுதல் போய்விடும். உங்கள் சிப்பில் அந்த ஈடு உள்ளேயே இருக்கிறது.

பேஸை வைக்கும்போது அதன் வெட்டுக்குறியை போர்டில் வரைந்த குறியோடு பொருத்தி, மூலைவிட்டமாக இரண்டு கால்களை மட்டும் முதலில் பற்றவைத்து, தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். சரியென்றால் மற்ற கால்கள். புதிய சிப்பின் கால்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். மேசைமேல் படுக்கவைத்து வரிசையை மெல்ல அழுத்தி நேராக்கிவிட்டு நுழையுங்கள். ஒரு கால் துளைக்குள் போகாமல் சிப்பின் வயிற்றுக்கடியில் மடங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும், மேலிருந்து பார்த்தால் சரியாக வைத்ததுபோலவே தெரியும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் நேராகப் பற்றவைத்த அந்த டிஎல்074-ஐக் கழற்ற வேண்டாம். முதலில் அதன் வெட்டுக்குறி சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மின்சாரம் கொடுக்காமல், 4-ஆம் காலுக்கும் 11-ஆம் காலுக்கும் நடுவே நேரடித் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். இருந்தால் மட்டும் போர்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன். இல்லையென்றால் அது அங்கேயே இருக்கட்டும், மற்ற நான்கு பேஸ்களையும் காலியாக வைத்துக்கொண்டு மேலே சொன்ன அளவுகளைத் தொடங்குங்கள்.